சுகர் ஃப்ரீ என்று போட்டிருந்தும் பாட்டிலைத் திருப்பிப் படித்த மருந்துக் கடை

வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் மருந்துக் கடைக்குப் பஞ்சமே கிடையாது. லாட்ஜ், இட்லிக் கடை, மருந்துக் கடை, மறுபடி லாட்ஜ் என்று போய்க்கொண்டே இருக்கும். பெயர்ப் பலகைகளில் பாதி வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். அவ்வளவு கடைக்கு நடுவில் இந்த ஒரு கடையைப் பற்றி இத்தனை நீளமாக எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. நாலு வருஷமாக மாதம் ஒரு தடவை குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி இங்கே வருகிறேன். எங்கள் ஊரில் மருந்துக் கடை இல்லாமல் இல்லை. ஆனாலும் இங்கேதான் வருகிறேன்.

கடையை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பலகையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் ‘வ.ஆ. மாவட்டம்’ என்றே இருக்கும். வட ஆற்காட்டைப் பிரித்தது 1989-ல். அதற்குப் பிறகு 2019-ல் வேலூரையும் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அப்பா வைத்த பலகை, மாற்ற மனசு வரவில்லை என்று கடைக்கார அண்ணன் ஒரு தடவை சொன்னார்.

நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். என் பையனுக்கு இப்போது 13 வயது. பிறவியிலேயே கல்லீரலில் கிளைகோஜன் தேங்கும் நோய், அதில் 1ஏ வகை. சாப்பாட்டில் வரும் சர்க்கரையைக் கல்லீரல் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும், பசிக்கும்போது அதை உடைத்து ரத்தத்தில் விடும். அப்படித் திருப்பி விடுகிற கடைசிப் படிக்கு ஒரு நொதி வேண்டும். என் பையனுக்கு அது இல்லை. சேர்த்தது சேர்த்தபடியே கிடக்கும், வயிறு மட்டும் முன்னால் தள்ளும். சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரம் ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் என்கிறார்கள். எங்களுடையது சொந்தத்தில் கல்யாணம், அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரிடமும் அந்தப் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்திருக்கிறது. அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.

இதற்கு மருந்து என்று பார்த்தால் வெள்ளை கார்ன்ஃப்ளவர்தான். வேக வைக்காமல், ஆறிய தண்ணீரில் கலந்து, நாளைக்கு நாலு வேளை. வயிற்றில் மெதுவாகக் கரைந்து மணிக்கணக்கில் சர்க்கரை விடும். 1984-ல் தான் இந்த வழியைக் கண்டுபிடித்து எழுதினார்களாம். அதற்கு முன்னால் ராத்திரி முழுக்க மூக்கு வழியே குழாய் போட்டுச் சொட்டுச் சொட்டாக ஊட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து இந்த மாவுமேல் எனக்கு ஒரு மரியாதை. என் பையன் 34 கிலோ. ஒரு வேளைக்கு 60 கிராம் என்று டாக்டர் கணக்குப் போட்டுத் தந்திருக்கிறார். மாதத்துக்கு ஏழு கிலோவுக்கு மேல் ஆகிறது, அரைக் கிலோ பாக்கெட்டில் பதினைந்து.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் மாவு தீர்ந்துபோனது. வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தத்தில் கால் வைக்க இடம் இருக்காது, பஸ்ஸெல்லாம் சுற்றித்தான் போகும். வேலூர் போக முடியாது என்று வீட்டுக்காரர் வேறொரு ஊரில் ஒரு மளிகைக் கடையில் வாங்கி வந்தார். கையில் இருந்த தமிழ் உணவுச் சீட்டில் ‘மக்காச்சோள மாவு’ என்று இருந்தது. அவர் அதையே கேட்டார், அவர்களும் அதையே கொடுத்தார்கள். மஞ்சள் மாவு. மக்காச்சோளத்தை அப்படியே அரைத்தது. நான் திருவிழாக் கூட்டத்துக்குச் சமைத்துக் களைத்திருந்தேன், டம்ளரில் கலக்கும்போது நரநரவென்று இருந்ததைக் கவனித்தும் கவனிக்காமல் கொடுத்துவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் தலையணை முழுக்க வேர்வை. சர்க்கரை 48. குளூக்கோஸ் கலக்கின கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், நம் மொழியில் இந்த மாவுக்கு ஒரு தெளிவான பெயர் இல்லாதது. சோள மாவு என்றால் வெள்ளைச் சோளத்து மாவு. மக்காச்சோள மாவு என்றால் அந்த மஞ்சள் மாவு. நமக்கு வேண்டியது அதிலிருந்து எடுத்த ஸ்டார்ச் மட்டும். கடையில் ‘கார்ன்ஃப்ளவர்’ என்று கேட்டால்தான் சரியாகக் கிடைக்கும். நல்ல மாவை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள், புது நோட்டுத் தாளைத் தேய்த்தாற்போல் கிறீச்சிடும். தண்ணீரில் போட்டால் பால் மாதிரி வெளுக்கும். ரெண்டு நிமிஷம் விட்டுவிட்டால் அடியில் சிமெண்ட் போல இறுகிப்போகும், அதனால் கலக்கிய உடனே குடிக்க வேண்டும். சுடுதண்ணீர் கூடவே கூடாது. எங்கள் அத்தை ஒரு தடவை “பச்சை மாவைக் கொழந்தைக்குக் குடுப்பாங்களா?” என்று கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்துவிட்டார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் வெந்த மாவு சீக்கிரம் செரித்துவிடும், விடியும்வரை தாங்காது.

அந்தத் திருவிழாவுக்குப் பிறகு இந்தக் கடையில் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனபோது ஒரு அட்டைப் பெட்டியில் ஒரே கம்பெனிப் பாக்கெட் பதினைந்தும், மேலே இரண்டு பாக்கெட் கூடுதலாகவும் கட்டி வைத்திருந்தார். “திருவிழா, ஸ்ட்ரைக்கு, மழை எது வந்தாலும் ரெண்டு பாக்கெட் கையில இருக்கட்டும்மா.” மருந்துக் கடையில் கார்ன்ஃப்ளவர் விற்பதில் அவருக்கு என்ன லாபம் இருக்கும்? அன்றிலிருந்து ஒரு மாதம்கூட அந்தப் பெட்டி தவறியதில்லை.

சரி, இரும்பு விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடை எனக்கு உண்மையிலேயே துணை நின்றது அதில்தான்.

போன வருஷம் தொடக்கத்தில் பையன் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தான். நகக்கண் வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 8.6. அவன் வயதுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாரா வாரம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது பக்கத்தில் நிற்பவள் நான். சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை, பெரிய வகுப்புக்கு நீல மாத்திரை. விழுங்கினார்களா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். என் பிள்ளைக்கு ரத்தம் இல்லை.

யாரிடம் சொன்னாலும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். பேரீச்சம்பழம் கொடு, வெல்லத்தில் எள்ளுருண்டை செய், மாதுளை, பீட்ரூட், தேனில் ஊறவைத்த அத்திப்பழம். எல்லாம் இனிப்பு. 1-ம் வகைப் பிள்ளைகளுக்குப் பழச் சர்க்கரையும் பால் சர்க்கரையும் சாதாரணச் சர்க்கரையும் குளூக்கோஸாக மாறி ரத்தத்துக்கு வராது, கல்லீரலிலேயே மாட்டிக்கொண்டு லாக்டிக் அமிலத்தைத்தான் கூட்டும். சரி, ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கித் தரலாமென்றால், இவனுக்கு ஏற்கெனவே யூரிக் அமிலம் அதிகம், உறுப்புக் கறி அதை இன்னும் ஏற்றும். கடைசியில் முருங்கைக்கீரை, முட்டை, மீன், அளவாகப் பருப்பு என்று வந்து நின்றோம்.

டாக்டர் இரும்பு மருந்து எழுதித் தந்தார். சர்க்கரை இல்லாததாகப் பார்த்து வாங்கச் சொன்னார். முதலில் வேறொரு கடையில் ஒரு சிரப் வாங்கினேன். ‘சுகர் ஃப்ரீ’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டு வாரம் கொடுத்துவிட்டேன். அடுத்த தடவை வேலூர் வந்தபோது அதே பாட்டிலை இந்த அண்ணனிடம் காட்டி இதே வேண்டும் என்றேன்.

அவர் எடுத்து நீட்டியிருக்கலாம், வெளியே எட்டு பேர் நின்றார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டியூப் லைட்டுக்கு நேராகப் பாட்டிலைப் பிடித்து, பின்பக்கத்து எறும்பு எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார். “இது சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு ஓகேம்மா. தம்பிக்குப் பழச் சர்க்கரையும் ஆகாதுன்னு சொன்னீங்க இல்ல? இதுல சார்பிட்டால்னு ஒரு இனிப்பூட்டி போட்டிருக்கான். அது உள்ள போனா இன்னாவா மாறும்னு டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, அப்புறம் தரேன்.”

கேட்டேன். சார்பிட்டால் கல்லீரலுக்குப் போய்ப் பழச் சர்க்கரையாகத்தான் மாறும், இவனுக்கு வேண்டாம் என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு ஐந்து மில்லிதானே என்று நினைக்கலாம். மாதக்கணக்கில் தினமும் போகிற மருந்து அது.

அதற்கப்புறம் அண்ணன் கடையில் இருந்த இரும்பு மருந்தையெல்லாம் எடுத்து மேஜைமேல் அடுக்கினார். பல பாட்டிலில் ‘சுவையூட்டிய சிரப் கலவை’ என்பதற்குமேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எதனால் இனிப்பு என்பதை எழுதாமலே விட்டிருந்தார்கள். பாட்டிலில் இருந்த வாடிக்கையாளர் எண்ணுக்கு என் முன்னாலேயே போன் போட்டார். ஒரு கம்பெனி மூன்று நாள் கழித்துப் பதில் அனுப்பியது, இன்னொன்று இன்றுவரை அனுப்பவில்லை. கடைசியில் அவர் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை: “தம்பிக்கு வயசு பன்னெண்டு ஆச்சே, எதுக்கு இன்னும் சிரப்பு? மாத்திரை முழுங்க மாட்டானா?” சர்க்கரைப் பூச்சு இல்லாத, மெல்லிய உறை போட்ட மாத்திரையாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். டாக்டரிடம் காட்டி, அளவு எழுதி வாங்கிக்கொண்டு ஆரம்பித்தோம். மாவு குடிக்கும் நேரத்தோடு சேர்க்காமல், இரண்டு வேளை மாவுக்கு நடுவில் மாத்திரை.

மூன்று மாதம் கழித்து 9.1. அவ்வளவுதான் ஏறியது. நான் நொந்துபோய்விட்டேன். நடுவில் ஊரில் ஒரு கிளினிக்கில், உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் எண்ணை ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டு “ஃபெரிட்டின் 74, நார்மல், இரும்பே வேண்டாம் நிறுத்துங்க” என்று வேறு சொல்லிவிட்டார்கள். ஆனால் இரும்பு ஏற்றிச் செல்லும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 9 சதவீதம்தான் இருந்தது, 20-க்குமேல் இருக்க வேண்டியது. இது எப்படி என்று பெரிய டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது கூடினால் குடலிலிருந்து இரும்பு உள்ளே வரும் கதவும், சேமித்த இரும்பு வெளியே போகும் கதவும் இரண்டும் சாத்திக்கொள்ளும். எனக்கு உடனே பள்ளிக்கூட ஸ்டோர் ரூம்தான் நினைவுக்கு வந்தது. மூட்டை மூட்டையாக அரிசி இருக்கிறது, சாவி எச்.எம். கையில், அவர் மீட்டிங் போய்விட்டார். பதிவேட்டில் இருப்பு சரியாக இருக்கும், பிள்ளைகள் தட்டோடு நிற்பார்கள். ஃபெரிட்டின் என்பது அந்த இருப்புப் பதிவேடு. உடம்பில் அழற்சி ஏதாவது இருந்தாலும் அந்த எண் உயர்ந்து காட்டும்.

இந்த 1-ம் வகையில் வயது ஏற ஏறக் கல்லீரலில் அடினோமா என்கிற கட்டிகள் வரலாம். ரத்தசோகை கடுமையாக இருந்த சில நோயாளிகளுக்கு அந்தக் கட்டிகளே ஹெப்சிடினைச் சுரந்துகொண்டிருந்தன என்றும், கட்டியை எடுத்ததும் ரத்தசோகை சரியானது என்றும் 2002-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதனால் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரம் நான் வெளியே உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. கட்டி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் இவனுக்கு எதனால்? ஒன்றல்ல, பல காரணம் என்றார் டாக்டர். சாப்பாட்டில் இவ்வளவு தடை. சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாது, இவனுக்கு மாதத்தில் நாலைந்து தடவை மூக்கில் ரத்தம் வரும். லாக்டேட், அதாவது ரத்தத்தில் அந்த லாக்டிக் அமில அளவு, கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் ரத்தசோகை கூடும். முதலில் மாவு நேரத்தைச் சரி செய்வோம், இரும்பு தானாக வேலை செய்யத் தொடங்கும், அப்படியும் ஏறாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம், ஆனால் கதவு சாத்தியிருந்தால் அதிலும் பாதிப் பலன்தான் என்றார்.

அன்று மாலை இந்தக் கடைக்கு வந்து, மாத்திரையை வீணாகக் கொடுத்துவிட்டோமோ என்று அழுதுவிட்டேன். அண்ணன் ஸ்டூலைத் தட்டிப்போட்டு உட்காரச் சொன்னார். “தம்பி ராத்திரி மாவு எத்தனை மணிக்கும்மா குடிக்கிறான்?” பதினொன்று, சில நாள் பன்னிரண்டு, நான் தூங்கிவிட்டால் ஒன்று. “அலாரம் வெச்சிக்கோங்க. டாக்டரு சொன்ன மாதிரி மொதல்ல அது.” சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் எடுத்துக்கொடுத்து, காலாவதித் தேதியை டப்பாமேல் பேனாவால் வட்டம் போட்டுத் தந்தார். எந்தெந்த நேரத்தில் என்ன அளவு இருந்தது என்று எழுத ஒரு டைரியும், பழைய மருந்துக் கம்பெனி டைரிதான், கூட வைத்தார்.

இரவு பத்தரை, விடியற்காலை மூன்றரை. இரண்டு அலாரம், ஒரு நாள் தவறாமல். மூக்கில் ரத்தம் வருவது மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. லாக்டேட் இறங்கியது. அதே மாத்திரை, அதே அளவு. ஐந்து மாதத்தில் ஹீமோகுளோபின் 10.8. இன்னும் 12 வரவில்லை. ஆனால் பையன் மாடிக்குப் போய்ப் பட்டம் விடுகிறான்.

கடையைப் பற்றி இன்னொன்று. மூன்று மாதத்துக்கு முன்னால் சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. வெளி மாநிலத்துக் குடும்பம் ஒன்று இதே மாதிரி நோயோடு ஒரு பெண் குழந்தையைக் கூட்டி வந்திருக்கிறார்கள், இரும்புச் சொட்டு மருந்து கேட்கிறார்கள், “சார்பிட்டால்தானேம்மா ஆகாது?” என்று கேட்டார். எந்த வகை என்று கேளுங்கள் அண்ணா என்றேன். வங்காளத்தில் அவர்களிடம் கேட்டுவிட்டு, 3-ம் வகையாம் என்றார். அதற்கு விதி வேறு. 3, 6, 9 வகைகளில் பழச் சர்க்கரையும் பால் சர்க்கரையும் கல்லீரலில் குளூக்கோஸாக மாறும். நம் பட்டியலை அவர்களுக்கு அப்படியே கொடுக்கக் கூடாது, அவர்கள் டாக்டரிடம் கேட்கட்டும் என்றேன். அவர் அவர்களைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, எழுதி வாங்கி வந்த பிறகே மருந்து கொடுத்திருக்கிறார். அன்று அந்த வியாபாரம் வேறு கடைக்குப் போயிருக்கலாம். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

குறை என்று சொன்னால், கூட்டம் இருக்கும்போது நேரம் ஆகும். அவர் ஒருவரே எல்லாம் படித்துப் பார்த்துக் கொடுப்பதால் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், ஒரு ஸ்டூலைத் தவிர உட்கார இடமில்லை. வயசானவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். விலையில் பெரிய தள்ளுபடி கிடையாது. குளிர்பெட்டி மருந்துகள் எல்லாம் இருக்காது, முந்தின நாள் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மூடிவிடுவார்.

குழந்தைக்கு மருந்து வாங்கப் போகிறவர்கள் நோயின் பெயரை எழுதிய சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அதில் எந்த வகை என்பதும் இருக்கட்டும். “இது சேருமா?” என்று கேட்டால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார், நீங்கள் கொஞ்சம் பொறுமையாக நின்றால் போதும். கார்ன்ஃப்ளவர் மாதாமாதம் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். எனக்கு அடுத்த பெட்டி வரும் வியாழக்கிழமை.